இழுவை மடியில் கண்ணியை மாற்றிச் சோதிப்பது எப்படி? துறைக் கடிதம் முதல் கணக்கு முடிப்பது வரை

இழுவை மடி என்பது படகுக்குப் பின்னால் கடலடியில் இழுத்துப் போகும் பை வலை, அதன் ஓட்டைதான் கண்ணி. இறாலுக்குப் போடும் அந்த மடியில் கூடவே குஞ்சு மீன் ஏறுவதைக் குறைக்க வழி இருக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், சிஃப்ட் என்று நாம் சுருக்கிச் சொல்வது, இதற்கென்றே பல வடிவங்களைச் செய்து வைத்திருக்கிறது. குஞ்சு மீனை வெளியே விட்டு இறாலைப் பிரித்துத் தரும் அவர்களுடைய ஒரு வடிவம் 2005-இல் ஸ்மார்ட் கியர் என்ற சர்வதேசப் போட்டியில் பரிசு வாங்கியது. ஆனால் வேறெங்கோ வேலை செய்தது என்பதற்காக மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ படகு ஓட்டும் ஒரு டிரைவர் அதைத் தன் மடியில் கட்டிவிட மாட்டார். "எங்க கடல்ல, எங்க போட்ல இழுத்தா இறால் எவ்வளவு போகும்?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. சோதனை நடத்துவதே அதற்குப் பதில் சொல்லத்தான்.

அப்படி ஒரு சோதனையை ராமநாதபுரம் கடற்கரையில் நடத்தி முடிப்பதற்குள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. வலையைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், படகுக்காரரிடம் பணத்தை எப்படிப் பேச வேண்டும், எந்த மாதம் தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்தவர்கள் யாருமில்லை. மீன்வளக் கல்லூரி மாணவர்கள், மீனவர் சங்கத்து இளைஞர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் என்று இனி வரப்போகிறவர்கள் நேராக வேலைக்குள் இறங்கட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எதைத் தப்பவிடப் போகிறீர்கள்?

"கழிவு மீனைக் குறைக்கணும்" என்று பொத்தாம்பொதுவாகப் போய் நின்றால் வலை தைப்பவருக்கு ஒன்றும் புரியாது. முதலில் சில நாள் காலையில் இறங்குதளத்துக்குப் போய்ச் சங்காயக் குவியலைக் கிளறிப் பாருங்கள். கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகிற கழிசலை ராமேசுவரம் பக்கம் சங்காயம் என்பார்கள். அதற்குள் விரல் நீளச் சங்கரா, பொடி நகரை, தும்பிலி, பேத்தை, ஓடு இன்னும் இறுகாத நண்டு, கட்டைவிரல் அளவுக் கணவாய் எல்லாம் நசுங்கிக் கிடக்கும். ஒரு கூடையை விலைக்கு வாங்கி, இனம் பிரித்து, நீளம் அளந்து எழுதுங்கள். வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் மீன் எது, எவ்வளவு வளர்ந்தாலும் சங்காயமாகத்தான் போகும் மீன் எது என்று இரண்டாகப் பிரியுங்கள். எந்தக் கருவி வேண்டும் என்பதை இந்தப் பட்டியல்தான் சொல்லும்.

ஆமையும் பெரிய திருக்கையும் உங்கள் கவலை என்றால் ஆமை விலக்கி வேண்டும். மடியின் கழுத்தில் சாய்வாகக் கட்டும் கம்பிச் சட்டம் அது. கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இறால் கம்பிக்கிடையே புகுந்து பின்னால் போகும், ஆமை சட்டத்தில் மோதி மேலே அல்லது கீழே உள்ள வாசல் வழியாக வெளியே போகும். பாக் நீரிணையில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. தாழையும் (கடற்புல்) பாசியும் சொறியும் (ஜெல்லி மீன்) கம்பியில் அடைத்துக்கொண்டால் இறாலும் அதே வாசல் வழியாக வெளியே போய்விடும்.

குஞ்சு மீன்தான் கவலை என்றால் மடியின் கடைசிப் பையில், கோடு எண்ட் என்கிறோமே அதில், சதுரக் கண்ணி போடலாம். வழக்கமான கண்ணி சாய்சதுரமாகத் தொங்கும். மீன் சேர்ந்து பாரம் ஏறியதும் அது இழுபட்டு வாயை மூடிக்கொள்ளும். அதே வலையைத் திருப்பிச் சதுரமாகக் கட்டினால் பாரம் இரண்டு நூல்வரிசையில் மட்டும் நேராக இறங்கும், கண்ணி திறந்தே இருக்கும். இதனால் எல்லா மீனும் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். உருண்ட உடம்புள்ள சங்கராவும் தும்பிலியும் நன்றாகத் தப்பும். காரல் மாதிரித் தட்டையாக, உயரமாக இருக்கிற மீனுக்குச் சதுரக் கண்ணியால் அவ்வளவு பலன் கிடைக்காது. நம் பக்கத்தில் காரல் கருவாடாகி நல்ல காசாகும் என்பதால் அதை இழக்காமலிருப்பது படகுக்காரருக்கு ஒருவகையில் ஆறுதல்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பேச்சு சுலபமாகும்.

மூன்றாவது வழி, பையின் மேல்பக்கத்தில் திறப்பு வைப்பது. மீன் தண்ணீர் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். இறாலால் அப்படித் தொடர்ந்து நீந்த முடியாது. அதனால் மேலே ஒரு வாசல் இருந்தால் மீன் போகும், இறால் பெரும்பாலும் அடியிலேயே கிடக்கும்.

ஒரு சோதனையில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். ஆமை விலக்கியும் சதுரக் கண்ணியும் ஒன்றாகக் கட்டினால் இறால் எதனால் குறைந்தது என்று கடைசிவரை தெரியாது. என்னைக் கேட்டால், புதியவர்கள் சதுரக் கண்ணியில் தொடங்குவது நல்லது. இரும்புச் சட்டம் கிடையாது, வலை வயரைச் சுற்றும் எந்திரமான வின்ச்சில் ஏற்ற இறக்கச் சிரமமில்லை, பிடிக்கவில்லை என்றால் டிரைவர் அரை மணி நேரத்தில் கழற்றிப் பழைய பையைக் கட்டிக்கொள்ளலாம். அந்தத் தைரியம் இருந்தால்தான் அவர் ஒத்துக்கொள்வார்.

2. மீன்வளத் துறையின் கடிதம்: இது கைக்கு வராமல் வலை வாங்காதீர்கள்

"மீனைக் காப்பாற்றத்தானே சோதனை செய்கிறோம், இதற்கு எதற்கு அனுமதி?" என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ன் கீழ் உள்ள விதிகளின்படி இழுவலையின் கடைசிப் பைக்குக் கண்ணி குறைந்தது 40 மி.மீ. இருக்க வேண்டும். நீங்கள் ஒப்பிடப்போவதோ, ஊரில் பலர் வழக்கமாகப் போடும் சின்னக் கண்ணிப் பையோடு. அதோடு, தப்பிய மீனை எண்ணுவதற்குப் பையைச் சுற்றி ஒரு பொடிக்கண்ணி உறையும் கட்டுவீர்கள். ஆக உங்கள் படகில் சட்டத்துக்கு உட்படாத வலை ஒன்றோ இரண்டோ இருக்கும். பிடிபட்டால் வலை பறிமுதல், படகுக்காரருக்கு அபராதம், மானிய டீசலுக்குச் சிக்கல். உங்களுக்கு உதவ வந்தவர் தலையில் அது விழக் கூடாது.

மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள், மாவட்ட அளவிலான மேலதிகாரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கூடவே வைக்க வேண்டியவை:

- உங்கள் கல்லூரி அல்லது நிறுவனத்தின் கடிதம், பொறுப்பாளர் பெயருடன்
- படகின் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், காப்பீடு ஆகியவற்றின் நகல்
- வலைகளின் படம், ஒவ்வொன்றின் கண்ணி அளவோடு: சோதனைப் பை, வழக்கமான பை, உறை
- இழுக்கப்போகும் இடத்தின் நான்கு மூலைகளுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை
- தேதிகள், அவற்றுக்கு மாற்றுத் தேதிகள்
- படகில் ஏறும் வெளியாட்களின் பெயரும் அடையாள அட்டை நகலும்
- பிடிபடும் மீனை என்ன செய்வீர்கள் என்று ஒரு பத்தி

மாற்றுத் தேதிகளை அழுத்திச் சொல்கிறேன். கடிதத்தில் போட்ட தேதியில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால், புதிய தேதிக்கு முதலிலிருந்து அலைய வேண்டியிருக்கும். "இந்த மாதம் இத்தனையாம் தேதி முதல் இந்த மாதம் இத்தனையாம் தேதிக்குள், தொழில் அனுமதிக்கப்பட்ட நாட்களில்" என்று எழுதி வாங்கினால் பிரச்சினையே இல்லை.

வரும் கடிதத்தில் படகின் பதிவு எண்ணும் உறை வலையின் கண்ணி அளவும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். "ஆய்வுப் பணிக்கு அனுமதிக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரி கடலில் உங்களைக் காப்பாற்றாது. அதன் நகலைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்திலும் கடலோரக் காவல் படையிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மாணவர்களிடம் மீனவர் அடையாள அட்டை இருக்காது. நடுக்கடல் சோதனையில் முதலில் கேட்கப்படுவது அவர்களைத்தான். ராமேசுவரம், மண்டபம் பக்கம் இதெல்லாம் போக அன்றன்றைக்கு மீன்பிடி டோக்கனும் வாங்க வேண்டும். கடிதம் இருக்கிறது என்று டோக்கன் இல்லாமல் போகாதீர்கள்.

அடுத்தது வனத்துறை. ஆமை, கடற்பசு, திமிங்கலச் சுறா, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. இந்தக் கடலில் இழுத்தால் கடல் அட்டையும் கடல் குதிரையும் பையில் வராமல் இருக்காது. மாதிரிக்கு என்று ஒன்றே ஒன்றைக் கூட எடுத்து வைக்காதீர்கள். எண்ணி, படம் எடுத்து, உடனே கடலில் விடுங்கள். எடைபோட வேண்டும், அளக்க வேண்டும் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தனியாக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஐஸ் பெட்டியில் ஒரு கடல் அட்டை இருந்தாலும் வழக்கு வழக்குதான்.

இடத்தைக் குறிக்கும்போது மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கி.மீ. கடற்பசுப் பாதுகாப்பகத்தையும் வரைபடத்தில் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். கரையோரத்தில் விசைப்படகு இழுக்கக் கூடாத பகுதியும் அப்படியே. அது நாட்டுப்படகுக்காரர்களுடைய இடம். அங்கே ஆய்வு என்ற பெயரில் போனால் ஊருக்குள் உங்கள் பேச்சு எடுபடாது.

எல்லாத் தாளும் கைக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

3. படகும் பணமும்

மொத்தச் செலவில் பெரும்பகுதி படகு நாளுக்குத்தான் போகும். ஒரு நடுத்தர விசைப்படகு ஒரு தரம் கடலுக்குப் போய்வர டீசல், ஐஸ், சாப்பாடு, படி எல்லாம் சேர்த்து அரை லட்சத்தைச் சுற்றி ஆகிவிடும், பெரிய படகுக்கு அதற்கும் மேல். அதோடு ஒப்பிட்டால் புதிய கடைசிப் பைக்கு ஆகும் வலையும் தையல் கூலியும் சின்னத் தொகை. திட்டப் பணத்துக்கு எழுதும்போது பலர் வலைக்கு அதிகமாகவும் படகுக்குக் குறைவாகவும் போட்டுவிட்டுப் பாதி வழியில் நிற்கிறார்கள்.

படகுக்காரரிடம் இரண்டு விதமாகப் பேசலாம். செலவு முழுவதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு, மீன் அவருக்கு என்பது ஒரு வழி. வழக்கமான தொழிலுக்குப் போகும் படகில் ஏறிக்கொண்டு, மாற்றிய வலையால் வந்த நஷ்டத்தை மட்டும் ஈடுகட்டுவது இன்னொரு வழி. இரண்டாவது மலிவாகத் தெரியும், ஆனால் நஷ்டம் எவ்வளவு என்பதில் தினமும் தகராறு வரும். கையில் பணம் இருந்தால் முதல் வழியே நல்லது. அப்போது டிரைவருக்கும் மனசு நிம்மதியாக இருக்கும், நீங்கள் சொல்கிற இடத்தில் சொல்கிற நேரம் இழுப்பார்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று பங்கு. செலவு போக மிச்சத்தில் பங்குதான் தொழிலாளர்களின் வருமானம். முதலாளியிடம் மட்டும் பேசி முடித்துவிட்டு ஏறினால், மீன் குறைகிற ஒவ்வொரு இழுப்பிலும் நஷ்டப்படுவது வின்ச்சில் நிற்கிறவர். உறை வலையை அவிழ்ப்பதும் மீனைத் தனித்தனியாகக் கொட்டுவதும் அவருக்குக் கூடுதல் வேலை வேறு. டிரைவருக்கும் தொழிலாளர்களுக்கும் அன்றைய பங்குக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே பேசி, கரை ஏறியதும் கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு தருகிறோம் என்ற பேச்சே வேண்டாம்.

வியாபாரியையும் மறக்கக் கூடாது. பல படகுகள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும், பிடித்த மீனை அவரிடம்தான் போட வேண்டும். சோதனை நாளில் இறால் குறைந்து வந்தால் "வேறெங்கேயோ வித்துட்டியா?" என்ற கேள்வி படகுக்காரரிடம்தான் போகும். ஒரு தரம் நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவருடைய விற்பனைச் சீட்டுகள் பின்னால் உங்கள் கணக்குக்கும் உதவும்.

பேசியதை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பு, வலை கிழிந்தால் யார் செலவு, மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகையோ இழுக்கும் வயரோ போனால் யார் செலவு, காற்றால் பாதியில் திரும்பினால் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வெளியாட்களுக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுங்கள். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு மாணவருக்குச் செல்லாது. உயிர்காப்பு அங்கி உங்கள் ஆட்களுக்கு நீங்களே கொண்டுபோங்கள்.

எல்லைக் கோட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமேசுவரத்திலிருந்து போகும் படகுகளுக்குச் சர்வதேச எல்லை ரொம்பப் பக்கம். இலங்கை 2017-இல் இழுவை மடித் தொழிலையே சட்டப்படி தடை செய்துவிட்டது. இறால் அந்தப் பக்கம் நிறைய இருக்கிறது என்று டிரைவர் சொன்னாலும் ஆய்வாளர்களை ஏற்றிக்கொண்டு அங்கே போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஜிபிஎஸ் தடத்தை ஒவ்வொரு நாளும் சேமித்து வையுங்கள். எல்லைக்கு அருகில்தான் தொழில் என்றால் வேறு துறைமுகத்தைப் பாருங்கள்.

4. கண்ணி வாங்குவதும் தைப்பதும்

கடையில் "40 கண்ணி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சிலர் இழுத்துப் பிடித்த முழு அளவைச் சொல்வார்கள், சிலர் முடிச்சுக்கு முடிச்சு உள்ள அளவைச் சொல்வார்கள். முதல் கணக்கில் 40 மி.மீ. என்பது இரண்டாவது கணக்கில் 20. ஸ்கேலை எடுத்துப்போய் ஒரு கண்ணியை இழுத்து வைத்து அளந்து காட்டி வாங்குங்கள். சட்டம் சொல்வது இழுத்துப் பிடித்த அளவு.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. வலையை நன்றாக நனைத்து, நீளவாக்கில் அடுத்தடுத்து 20 கண்ணிகளை அளந்து சராசரி எடுங்கள். உலர்ந்த புது வலையில் எடுத்த அளவு சில நாள் இழுத்த பிறகு நிற்காது. சோதனைக்கு முன்னும் நடுவிலும் முடிவிலும் அளந்து மூன்றையும் அறிக்கையில் கொடுங்கள்.

சதுரக் கண்ணி என்று தனி வலை தேட வேண்டியதில்லை. சாதாரண வலைத்தாளை நூலின் போக்கிலேயே குறுக்காக வெட்டித் திருப்பிக் கட்டினால் சதுரமாகிவிடும். தொல்லை எதில் என்றால், முடிச்சில். பாலிஎத்திலீன் நூலில் சாதாரண முடிச்சு இந்த இழுப்புக்கு நகரும், ஒரு கண்ணி பெரிதாகும், பக்கத்துக் கண்ணி சிறிதாகும். முடிச்சில்லா வலை கிடைத்தால் அதையே வாங்குங்கள், இல்லையென்றால் முடிச்சு இறுக்கிப் பதப்படுத்திய வலை. முன்பகுதியோடு சேர்க்கும்போது ஒன்றுக்கு ஒன்று என்று கோத்தால் பை தொளதொளவென்று பெருத்துவிடும். சாய்சதுரக் கண்ணி இரண்டுக்குச் சதுரக் கண்ணி ஒன்று என்ற கணக்கில் தொடங்கலாம். அதற்கு மேல் வலை தைக்கும் அண்ணன்மார்களின் கை சொல்வதைக் கேளுங்கள். பல வருடம் மடி தைத்தவருக்கு எங்கே சுருக்கு விழும் என்று பார்த்ததும் தெரியும்.

இரண்டு இடத்தில் கண் வையுங்கள். பை தரையில் தேயாமல் இருக்க வெளியே பழைய வலையைச் சுற்றிக் கட்டுவது வழக்கம். அது கண்ணியை மூடிவிடும். அடிப்பக்கம் மட்டும் கட்டச் சொல்லுங்கள். பைக்குள் சின்னக் கண்ணி உள்வலை கட்டும் பழக்கமும் உண்டு. ஒவ்வொரு முறை வலை இறக்கும் முன்பும் கையை விட்டுப் பாருங்கள்.

5. எந்த மாதம்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாட்களில் இழுக்க முடியாது, ஆனால் தாள் வேலைக்கும் வலை தைக்கவும் இதைவிட நல்ல நேரம் இல்லை. படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். தடைக்காலத்தின் கடைசி இரண்டு வாரத்தில் மட்டும் வலை தைப்பவரிடம் போகாதீர்கள், ஊர் வலையெல்லாம் அவர் வீட்டில் கிடக்கும்.

தடை முடிந்த முதல் சில நாட்களும் வேண்டாம். அப்போது எல்லாப் படகும் ஒரே ஆவேசத்தில் ஓடும், மீனும் வழக்கத்துக்கு மாறாக நிறைய வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பார்க்கலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நாட்கள் உதிர ஆரம்பிக்கும். ஆமை விலக்கியைச் சோதிப்பவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வேறு காலம் கிடையாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை கரையோரம் வரும் மாதங்கள் இவைதான்.

பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. நடுவில் கைது, வேலைநிறுத்தம் என்று வாரக்கணக்கில் தொழில் நிற்பதும் உண்டு. பத்து நாள் கடல் வேலை வேண்டுமென்றால் இரண்டு மாதத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. எப்படி ஒப்பிடுவது?

முதல் முறை, உறை. சோதனைப் பையைச் சுற்றிப் பொடிக்கண்ணியில் ஒரு பெரிய பையைக் கட்டுவது. தப்பிய மீனெல்லாம் உறையில் விழும், எது நின்றது எது தப்பியது என்று ஒரே இழுப்பில் தெரியும். உறை, பையைவிட அகலத்திலும் நீளத்திலும் ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறை பையின் மேல் ஒட்டிக்கொண்டு கண்ணியை அடைத்துவிடும், தப்ப வேண்டிய மீனும் உள்ளேயே நிற்கும், உங்கள் வலை உதவாத வலை என்று கணக்கு சொல்லும். உறையைத் தள்ளிப் பிடிக்க வளையம் வைப்பார்கள். சின்னப் படகில் வளையம் வின்ச்சில் மாட்டும் என்பதால் மிதவைகளை வைத்துச் சமாளிக்கலாம்.

இரண்டாவது, மாற்றி மாற்றி இழுப்பது. ஒரு இழுப்பு பழைய பை, அடுத்த இழுப்பு புதுப் பை. பழையது, புதியது, புதியது, பழையது என்று வரிசையை மடக்கிப் போடுங்கள், நேரத்தால் வரும் வித்தியாசம் இரண்டு பக்கமும் சமமாக விழும். இது டிரைவருக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் அவர் கண்ணெதிரே இரண்டு குவியல் கிடக்கும். ஆனால் கடலில் அடுத்தடுத்த இரண்டு இழுப்பு ஒன்றுபோல இருக்காது, அதனால் இழுப்புகள் நிறைய வேண்டும்.

பணம் குறைவு என்றால் உறை முறை, படகுக்காரர்களை நம்பவைப்பது முக்கியம் என்றால் மாற்றி இழுப்பது. முடிந்தால் முதல் பாதியில் உறை, பின் பாதியில் மாற்றி இழுப்பு என்று இரண்டையும் செய்யுங்கள். உறைக்குள் விழுந்த பொடி மீன் பெரும்பாலும் செத்துவிடும், ஆகவே தேவைக்கு மேல் ஒரு இழுப்பு கூட அதைக் கட்டி இழுக்காதீர்கள்.

7. படகில்

ராமேசுவரம் பக்கம் காலையில் போகும் படகு மறுநாள் காலைதான் திரும்பும். தூத்துக்குடியில் போன அன்று இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். ஆட்களையும் வேலையையும் அதற்கேற்பப் பிரியுங்கள். பகல் இழுப்பையும் ராத்திரி இழுப்பையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணக் கூடாது, பல வகை இறால் ராத்திரிதான் மண்ணைவிட்டு வெளியே வரும்.

ஒவ்வொரு இழுப்புக்கும் எழுத வேண்டியது: வலை இறக்கிய நேரம், வின்ச் சுற்றத் தொடங்கிய நேரம், இரண்டு இடத்தின் ஜிபிஎஸ், ஆழம், வேகம், விட்ட வயரின் நீளம், காற்று, எந்தப் பை. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை உப்புத் தண்ணீரில் ஓடிவிடும். இழுக்கும் நேரம் எல்லா இழுப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

வலை ஏற்றும்போது டிரைவரிடம் ஒரு உதவி கேளுங்கள். வேகத்தைக் குறைத்ததும் பையில் உள்ளது முன்னால் அலசிக்கொண்டு வரும். மேலே திறப்பு வைத்த வலையில் இறால் வெளியே போவது பெரும்பாலும் இந்தச் சில நிமிடங்களில்தான். தாமதிக்காமல் ஒரே சீராகச் சுற்றினால் அது குறையும்.

பையும் உறையும் தளத்தில் கொட்டும்போது கலந்துவிடக் கூடாது. நடுவில் ஒரு பலகையை நிறுத்தி, முதலில் உறையைக் கொட்டி அள்ளி முடித்த பிறகுதான் பையின் முடிச்சை அவிழ்க்க வேண்டும். தொழிலாளர்களின் கை பழக்கத்தில் உடனே இறாலைப் பொறுக்கத் தொடங்கும். முதல் நாளிலேயே சொல்லி வையுங்கள்: எடை எழுதும்வரை பத்து நிமிடம்.

படகு ஆடும்போது தராசு முள் நிற்காது. தொங்கு தராசில் மூன்று தரம் பார்த்து நடுவில் உள்ளதை எழுதுங்கள், அல்லது கூடைக்கு அடையாளச் சீட்டுப் போட்டு ஐஸில் வைத்துக் கரையில் நிறுங்கள். மீன் நிறைய வந்தால் எல்லாவற்றையும் அளக்க முடியாது. குவியலை நன்றாகக் கலந்து ஒரு கூடை எடுங்கள், மொத்தம் எத்தனை கூடை என்று மறக்காமல் எழுதுங்கள். மேலே கிடப்பதை மட்டும் அள்ளினால் பெரிய மீன்தான் வரும். நீளத்தை அரை செ.மீ. வகுப்பாக, கீழ்நோக்கிக் குறியுங்கள்: 11.8 என்றால் 11.5.

இறாலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அதை முதலில் எடைபோடுங்கள். எவ்வளவு இறால் தப்பியது என்ற எண்ணை மழுப்பினால் டிரைவர் அடுத்த நாளே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு குஞ்சு மீனைப் பற்றி நீங்கள் சொல்வது எதையும் அந்தத் துறைமுகம் நம்பாது.

8. கணக்கு

உறை முறையில் கணக்கு எளிது. ஒவ்வொரு நீள வகுப்புக்கும் பையில் நின்ற மீனை, பையிலும் உறையிலும் சேர்த்து இருந்த மொத்த மீனால் வகுங்கள். சின்ன மீனுக்கு அது பூஜ்யத்தை ஒட்டியும் பெரிய மீனுக்கு ஒன்றை ஒட்டியும் வரும். நடுவில் பாதி நின்று பாதி தப்பும் நீளம்தான் எல்-50. கால்பங்கு நிற்கும் நீளத்துக்கும் முக்கால்பங்கு நிற்கும் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் தேர்வு அகலம். அது எவ்வளவு குறுகலோ அவ்வளவு கூர்மையாக வலை பிரிக்கிறது. வளைகோடு பொருத்த ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இழுப்புகளை ஒன்றாகக் கொட்டிக் கூட்டாமல், ஒவ்வொன்றையும் தனியாக வைத்து, இழுப்புக்கு இழுப்பு எவ்வளவு மாறுகிறது என்பதையும் காட்டுங்கள். மாற்றி இழுத்த வலைக்கு வேறு கணக்கு வேண்டும், அதற்கு சிஃப்ட்டிலோ மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ தெரிந்தவர் ஒருவரை ஆரம்பத்திலேயே பிடித்து வையுங்கள்.

எல்-50 கிடைத்ததும் அதை எதோடாவது ஒப்பிட வேண்டும். கேரளத்தில் சட்டப்படியான குறைந்தபட்ச நீளம் மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14, அங்கே கிளிமீன் என்று சொல்லும் நம் சங்கராவில் முக்கிய இனத்துக்கு 12. உங்கள் வலையில் சங்கராவின் எல்-50 பத்தில் நின்றால், 12 தொடாத மீன் இன்னும் நிறைய ஏறுகிறது என்று பொருள். கண்ணியைக் கூட்டலாமா என்ற பேச்சை அப்போது தொடங்கலாம்.

கூடவே ரூபாய்க் கணக்கும் போடுங்கள். தப்பிய சங்காயத்தின் அன்றைய விலை, தப்பிய இறாலின் விலை, பை லேசானதால் டீசல் மிச்சமானதா, மீன் பொறுக்கும் நேரம் குறைந்ததா, நசுங்காத இறாலுக்கு விலை கூடியதா. வியாபாரியின் சீட்டு இதற்குத்தான் வேண்டும்.

9. முடிவை ஊருக்குச் சொல்லுங்கள்

அறிக்கை எழுதும் முன் சங்கத்தில் ஒரு மாலை உட்காருங்கள். வரைபடங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு பையையும் எடுத்துப்போய் விரித்துப் போடுங்கள். ஒரு பக்கம் இறால் நஷ்டம் எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சோதனைப் படகின் டிரைவரையே பேசச் சொல்லுங்கள். அவர் இரண்டு வரி திட்டினாலும் பரவாயில்லை, மற்ற டிரைவர்கள் கேட்கப்போவது அவர் சொல்வதைத்தான்.

அனுமதி தந்த துறை அலுவலகத்துக்கும், பக்கத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்துக்கும் (மண்டபம், தூத்துக்குடி, சென்னை மூன்று இடத்திலும் இருக்கிறது) அறிக்கையின் நகல் கொடுங்கள். உறை வலையையும் சின்னக் கண்ணிப் பையையும் ஒப்படைத்தோ அழித்தோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சதுரக் கண்ணிப் பையை மட்டும் டிரைவரிடமே விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், உள்வலை கட்டியிருக்கிறாரா, முடிச்சு நகர்ந்திருக்கிறதா என்று. இதெல்லாம் ஏப்ரலுக்குள் முடிந்தால், தடைக்காலத்தில் ஊர் மடியெல்லாம் தையலுக்கு வரும்போது உங்கள் எண்கள் வலை தைப்பவர் கையில் இருக்கும்.